பவளத் தீவில் கால் வைக்கும் முன்...

கண்ணாடி போலத் தெளிந்த கடல். முழங்கால் அளவுதான் தண்ணீர். கரையில் தென்னை மரங்கள் சாய்ந்து நிற்கின்றன. புதிதாகக் கல்யாணம் ஆன தம்பதி விடுமுறைக்கு வந்திருக்கிறார்கள்.

கணவர் தண்ணீரில் இறங்குகிறார். மனைவியின் கையில் செல்போன்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அந்தப் பாறை மேல் ஏறுங்கள்!" என்கிறாள் அவள்.

அவர் ஏறுகிறார். காலடியில் 'மடக்' என்று ஒரு சத்தம். படம் நன்றாக விழுகிறது. இருவரும் சிரித்துக்கொண்டே கரை ஏறுகிறார்கள்.

ஒடிந்தது பாறை அல்ல, உயிர்! அது வளர்வதற்குப் பல ஆண்டுகள் பிடித்திருக்கும். ஒடிவதற்கு ஒரு நொடி போதுமானதாக இருந்தது.

அந்தத் தம்பதியைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. டிக்கெட் விற்றவர் சொல்லவில்லை. ஓட்டல் விளம்பரமும் சொல்லவில்லை. விருந்துக்குப் போகிறவர், அது யார் வீடு என்று தெரிந்துகொண்டு போவதுதான் முறை. தெரியாமல் போனால், சாப்பிட்டுவிட்டு வரும்போது வீட்டுத் தூணை அசைத்துவிட்டு வர நேரும்.

இதற்கு மாலத் தீவு நல்ல உதாரணம். 2021, 2022, 2023 ஆகிய 3 ஆண்டுகளிலும், மற்ற எந்த நாட்டாரையும் விட இந்தியர்களே அங்கு அதிகமாகச் சென்றார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். ஆகையால் இந்த விஷயம் யாரோ வெளிநாட்டாருக்கு உரியது அல்ல.

உயிர் கட்டிய வீடு

திருவனந்தபுரத்துக்குத் தென்மேற்கே, சுமார் 600 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது மாலத் தீவின் தலைநகரமான மாலே. நாடு முழுவதும் ஏறத்தாழ 1,200 தீவுகள். வடக்கிலிருந்து தெற்கே 800 கிலோ மீட்டருக்கு மேல் அவை சிதறிக் கிடக்கின்றன. ஆனால் எல்லாத் தீவுகளின் நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்தாலும் சுமார் 300 சதுர கிலோ மீட்டர்தான். சென்னை மாநகராட்சியின் பரப்பை விட இது குறைவு!

இந்தத் தீவுகளில் மலை கிடையாது. ஆறு கிடையாது. நிலத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்கு மேல் 3 அடி உயரம்கூட இல்லை. வீட்டு மேஜையின் உயரம்தான் ஒரு நாட்டின் உயரம்!

இதைக் கட்டியவர் யார்? பவளப் பூச்சிகள்தான். (நகையில் பதிக்கும் சிவப்புப் பவளம் வேறு இனம்.) பெரும்பாலான பவளப் பூச்சிகள் அரிசி, மொச்சை அளவே இருக்கும். அவை கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தங்களைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கின்றன. கோடிக்கணக்கான பூச்சிகள், தலைமுறை தலைமுறையாக, ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டிய கூடுதான் பவளத் திட்டு.

இங்கிலாந்து விஞ்ஞானி சார்லஸ் டார்வின் 1842-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கடலில் எரிமலை ஒன்று இருக்கும். அதன் ஓரத்தில் பவளம் வளரும். எரிமலை மெல்ல மெல்லக் கடலில் அமிழும். பவளமோ மேல் நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கும். கடைசியில் எரிமலை மறைந்துவிடும். பவள வளையம் மட்டும் மிஞ்சும். இப்படித்தான் இந்தத் தீவு வளையங்கள் உண்டாயின என்றார் அவர். இத்தகைய வளையத்தை உலகம் முழுவதும் 'அட்டால்' என்று சொல்கிறார்கள். அந்தச் சொல் மாலத் தீவின் திவேகி மொழியிலிருந்து போனதுதான்.

அப்படியானால் அந்த வெள்ளை வெளேர் மணல் எங்கிருந்து வந்தது? அதற்கும் ஓர் உயிர்தான் காரணம். அதன் பெயர் கிளிமீன். கிளியின் அலகு போன்ற வாய் அதற்கு உண்டு. அந்த வாயால் பவளத்தைச் சுரண்டித் தின்னும். தின்ற சுண்ணாம்பை மணலாக வெளியே விடும். மாலத் தீவைச் சேர்ந்த வக்காரு என்ற தீவில் விஞ்ஞானிகள் ஆராய்ந்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தத் திட்டில் புதிதாக உண்டாகும் மணலில், 100-க்கு 85 பங்குக்கு மேல் கிளிமீன்களின் கைங்கரியம் என்று தெரிய வந்தது.

பவளம் செத்தால் திட்டு வளராது. கிளிமீன் போனால் மணல் வராது. இரண்டும் போனால் தீவு ஏது?

சோழியும் மாசியும்

பயணிகள் கண்டுபிடித்த பிறகுதான் இந்தத் தீவுகள் உலகத்துக்குத் தெரிந்தன என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு.

கடலில் உள்ள பழந்தீவுகள் 12 ஆயிரத்தை வென்றதாக ராஜராஜ சோழனின் கல்வெட்டுகள் கூறுகின்றன. அவை மாலத் தீவுகளே என்பது வரலாற்று ஆசிரியர்கள் பலருடைய கருத்து. பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் தமிழ்ப் பெண்கள் எடுக்கும் சோழி, ஒரு காலத்தில் பல நாடுகளில் காசாகவே செலாவணி ஆயிற்று. அந்தச் சோழிக்குப் பேர் போன இடம் மாலத் தீவு. சம்பலிலும் குழம்பிலும் போடும் மாசிக் கருவாடும் அந்த ஊர்ச் சரக்குதான். சூரை மீனை அவித்து, புகையிட்டு, வெயிலில் உலர்த்தி மாசி செய்கிறார்கள். அந்தச் சூரையை இன்றும் வலை போட்டு வாரிக் கொள்வதில்லை. தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள்.

மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இபன் பதூதா 14-ஆம் நூற்றாண்டில் அங்கு வந்து, சில காலம் நீதிபதியாகவே இருந்தார். மாலே நகரத்தில் 1658-ல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அதன் சுவர்கள் பவளக் கல்லால் ஆனவை.

ஆகவே, அங்கு போகிறவர் ஆளில்லாத் தீவுக்குப் போகவில்லை. பழைய குடித்தனக்காரர்களின் வீட்டுக்குப் போகிறார்.

1972-ல் வந்த விருந்தாளிகள்

மாலத் தீவு 1965-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பாதுகாப்பிலிருந்து விடுபட்டுச் சுதந்திர நாடு ஆயிற்று. அப்போது அது மிகவும் ஏழை நாடு. மீன் ஒன்றுதான் வருமானம்.

1972-ல் இத்தாலியிலிருந்து சுமார் 20 பேர் வந்தார்கள். தங்குவதற்கு ஓட்டல் கிடையாது. வீடுகளில் தங்கினார்கள். மீனும் தேங்காயும் சாப்பிட்டார்கள். கடலைப் பார்த்துச் சொக்கிப் போனார்கள். அதே ஆண்டு, மாலேக்கு அருகே ஒரு தீவில் 'குரும்பா' என்ற முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டது. திவேகி மொழியில் குரும்பா என்றால் இளநீர்க் காய். தமிழில் தென்னம் பிஞ்சைக் குரும்பை என்பார்கள். என்ன பொருத்தம்!

அந்தப் பிஞ்சு இன்று முற்றிய குலையாகிவிட்டது. 2022-ல் எடுத்த கணக்குப்படி நாட்டின் ஜனத்தொகை சுமார் 5 லட்சத்து 15 ஆயிரம். 2024-ல் வந்த பயணிகளோ 20 லட்சத்துக்கு மேல்! வீட்டில் இருப்பவர் ஒருவர். வந்து போகும் விருந்தாளிகள் 4 பேர்!

இதனால் நன்மை இல்லையா? நிறைய உண்டு. பள்ளிக்கூடங்கள் வந்தன. ஆஸ்பத்திரிகள் வந்தன. மீன் கிடைக்காத நாளிலும் அடுப்பு எரிகிறது. 2020-ல் கொரோனா காரணமாகப் பயணிகளுக்குச் சில மாதங்கள் கதவை அடைத்தார்கள். அந்த ஓராண்டில் நாட்டின் பொருளாதாரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. ஆகவே, "யாரும் போகக் கூடாது" என்று சொல்வது எளிது. அதைச் சொல்கிறவர் அந்த மக்களின் சோற்றுக்கு வழி சொல்ல வேண்டும்.

"பணம் கொடுத்தாயிற்று, எப்படியும் இருக்கலாம்" என்பது ஒரு கட்சி. "போகவே கூடாது" என்பது இன்னொரு கட்சி. இரண்டும் சரியல்ல. போகலாம், விருந்தாளியாகப் போக வேண்டும்.

சமையல் கட்டைப் பார்த்தவர் யார்?

மாலத் தீவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தீவு முழுவதையும் ஒரே விடுதிக்குக் கொடுத்துவிடுவார்கள். அங்கே ஊர் கிடையாது. மக்கள் வாழும் தீவு வேறு, பயணிகள் வாழும் தீவு வேறு. நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. ஊர் மக்களின் மதமும் வழக்கமும் கெடாமல் இருக்கும் என்பது இதற்குச் சொன்ன காரணம்.

அந்தக் காரணத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் இதனால் ஒரு தீமையும் விளைந்தது. பயணி கூடத்தில் உட்கார்ந்து விருந்து சாப்பிடுகிறார். சமையல் கட்டை அவர் பார்ப்பதே இல்லை.

அவர் குளிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தீவில் ஆறும் ஏரியும் இல்லை. மழைநீர் மணலுக்கு அடியில் மெல்லிய ஏடுபோல நிற்கும். அதை அதிகமாக இறைத்தால் உப்பு நீர் ஏறிவிடும். ஆகையால் கடல்நீரை இயந்திரத்தில் விட்டு நல்ல நீராக்குகிறார்கள். இயந்திரம் ஓட எண்ணெய் வேண்டும். எண்ணெய் கப்பலில் வர வேண்டும்.

2014 டிசம்பரில் மாலே நகரத்தின் குடிநீர் நிலையத்தில் தீப்பிடித்தது. நகரம் முழுவதும் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. இந்தியாவிலிருந்து விமானப்படை விமானங்களும் கடற்படைக் கப்பல்களும் குடிநீர் கொண்டு போயின. சுற்றிலும் கடல், குடிக்கத் தண்ணீர் இல்லை!

பயணி போடும் குப்பை எங்கே போகிறது? மாலேக்கு அருகில் திலாபுஷி என்று ஓர் இடம். முன்பு அது ஒரு பவளத் திட்டும், ஆழமில்லாத கடலும்தான். 1990-களின் தொடக்கத்திலிருந்து தலைநகரத்தின் குப்பையையும் விடுதிகளின் குப்பையையும் அங்கே கொட்டினார்கள். குப்பை மேடு உயர்ந்து தீவாகவே ஆகிவிட்டது. பல ஆண்டுகள் அங்கே குப்பை புகைந்துகொண்டிருந்தது. ஒரு தீவைப் பவளப் பூச்சி கட்டுகிறது. ஒரு தீவைப் பிளாஸ்டிக் பாட்டில் கட்டுகிறது. விளம்பரப் படத்தில் வருவது முதல் தீவு மட்டுமே.

கடல் சூடானால்...

பவளப் பூச்சியின் உடம்புக்குள் மிக நுண்ணிய பாசி வாழ்கிறது. அது வெயிலைக் கொண்டு உணவு தயாரித்துப் பூச்சிக்குக் கொடுக்கிறது. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசியால் வருவதுதான். கடல்நீரின் சூடு வழக்கமான கோடைச் சூட்டை விட 1 டிகிரி கூடி, சில வாரம் நீடித்தால் போதும். பூச்சி அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். பவளம் வெளுத்துப் போகும். சூடு தணியாவிட்டால் பட்டினியால் செத்துவிடும்.

1998-ல் அப்படி நடந்தது. மாலத் தீவின் ஆழமில்லாத திட்டுகளில் இருந்த பவளத்தில் மிகப் பெரும்பகுதி அழிந்தது. அது மெல்ல மெல்லத் தேறி வந்தபோது, 2016-ல் மறுபடியும் கடல் சூடாயிற்று. ஆராய்ந்து பார்த்த பவளங்களில் பாதிக்கு மேல் வெளுத்திருந்தன. 2024-ல் உலகம் முழுவதும் பவளம் வெளுப்பதாக விஞ்ஞானிகள் மீண்டும் அபாய மணி அடித்தார்கள்.

நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் வரும் புகை பூமியைச் சூடாக்குகிறது. பயணியைச் சுமந்து வரும் விமானமும் எண்ணெய் எரிக்கிறது. இதை மறைத்துப் பேசக் கூடாது. ஆகையால்தான், காயம் பட்ட பவளத்தைக் காலாலும் மிதிக்கலாமா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பவளம் போனால் அழகு மட்டும் போகும் என்று நினைக்க வேண்டாம். கரையை நோக்கி வரும் அலையின் சக்தியில் 100-க்கு 97 பங்கைப் பவளத் திட்டு தாங்கிக்கொள்கிறது என்று, உலகின் பல கடல்களில் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2014-ல் கணக்கிட்டார்கள். மாலே நகரம் திட்டின் மேல் மண் கொட்டி நிலத்தை விரித்தது. 1987-ல் பெரிய அலைகள் ஊருக்குள் புகுந்தன. அதன் பிறகு, ஜப்பான் கொடுத்த உதவியால் நகரத்தைச் சுற்றிச் சிமெண்டுத் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். பவளம் சம்பளம் வாங்காமல் செய்த வேலையைச் சிமெண்டு பணம் வாங்கிக்கொண்டு செய்கிறது.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது மாலத் தீவில் 80 பேருக்கு மேல் இறந்தார்கள். கந்தொளுதூ என்ற தீவு குடியிருக்க முடியாதபடி பாழாயிற்று. அதன் மக்கள் எல்லோரும் ஊரையே விட்டு, சில ஆண்டுகளுக்குப் பின் துவாபரு என்ற வேறு தீவில் குடியேறினார்கள்.

மறைந்த 2 தீவுகள்

தீவு மறையுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் தமிழ்நாட்டுக் கரையையே பார்க்கலாம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே, மன்னார் வளைகுடாவில் 21 பவளத் தீவுகள் உண்டு. அவற்றில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற 2 தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டட வேலைக்கும் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தார்கள். தாங்கி நின்ற திட்டு தேய்ந்தது. தீவுகள் மூழ்கியதற்கு இது முக்கிய காரணம். இப்போது பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றம். ஆனால் போன தீவைச் சட்டம் திருப்பித் தராது.

சுறாவின் விலை

விருந்தாளி நினைத்தால் நல்லதும் செய்யலாம். இதற்குச் சுறா மீன் சாட்சி.

மாலத் தீவில் சுறாவைக் கொன்றால் மீனவருக்கு 32 டாலர் கிடைக்கும் என்று 1993-ல் கணக்கிட்டார்கள். அதே சுறா உயிரோடு நீந்தினால், அதைப் பார்க்க வரும் பயணிகளால் நாட்டுக்கு ஆண்டுக்கு 3,300 டாலர் வருமானம் என்றும் கண்டார்கள். செத்த சுறாவுக்கு ஒரு தடவை விலை. வாழும் சுறாவுக்கு ஆண்டுதோறும் விலை! 2010-ல் நாடு முழுவதும் சுறா பிடிப்பதையே அரசாங்கம் தடை செய்துவிட்டது.

பயணி எதைக் கேட்கிறாரோ, அதைத்தான் வியாபாரி காப்பாற்றுவார். இதுதான் விஷயத்தின் சாவி.

நல்ல விருந்தாளி யார்?

2009-க்குப் பிறகு சட்டம் தளர்ந்தது. இப்போது மாபுஷி போன்ற ஊர்த் தீவுகளிலும் சிறிய தங்கும் விடுதிகள் இருக்கின்றன. பெரிய உல்லாச விடுதியை விடச் செலவு குறைவு. கொடுக்கும் பணம் ஊர்க் குடும்பத்துக்கு நேராகப் போகிறது. படகுக்காரர், மீன்காரர், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் எல்லோரையும் பார்க்கலாம். நடுத்தரக் குடும்பங்களுக்கு இதுவே நல்லது. தீவுக்கும் இதுவே நல்லது. சமையல் கட்டைப் பார்த்த விருந்தாளி சோற்றை வீணாக்க மாட்டார் அல்லவா?

அங்கு சில கட்டுப்பாடுகள் உண்டு. அது முஸ்லிம் நாடு. ஊர்த் தீவில் மது கிடையாது. அதற்கென ஒதுக்கிய கடற்கரை தவிர வேறு இடத்தில் நீச்சல் உடையோடு நடக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை ஓய்வு நாள். இது சிரமம் என்று சலித்துக்கொள்ள வேண்டியதில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும், வாசலில் செருப்பைக் கழற்றுவது தமிழருக்குப் புதிது அல்ல.

கடலில் இறங்குகிறவர் மணலில் நிற்கலாம். பவளத்தின் மேல் நிற்கக் கூடாது. நீந்தத் தெரியாதவர் மிதவைச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். தத்தளிக்கிற கால்தான் பவளத்தை உதைக்கிறது. மீனுக்கு ரொட்டி போடக் கூடாது. சங்கு, சிப்பி, பவளத் துண்டு எதையும் பையில் போடக் கூடாது. பவளத்தை வெளியே கொண்டு போவது அந்த நாட்டுச் சட்டப்படியும் குற்றம். வெயிலுக்குக் களிம்பு பூசுவதை விட, முழுக்கைச் சட்டை மேல். கொண்டு போன பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டு வர முடிந்தால் அதுவே பெரிய உபகாரம்.

பணம் கட்டும் முன் விடுதிக்காரரிடம் 2 கேள்வி கேட்க வேண்டும். "உங்கள் குப்பை எங்கே போகிறது? உங்கள் கழிவுநீர் எங்கே போகிறது?" ஒருவர் கேட்டால் சிரிப்பார். ஆயிரம் பேர் கேட்டால் பதில் தயார் செய்வார். சுறாவைக் காப்பாற்றிய வழி இதுதான்.

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பார்கள். விருந்தாளி மூன்று நாளில் திரும்பிவிடுவார். அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகளோ, அதே மேஜை உயரத் தரையில்தான் வாழ்ந்தாக வேண்டும்.

அடுத்த தடவை அந்த இளம் தம்பதி போகும்போது, மனைவி செல்போனை எடுக்கட்டும். கணவர் தண்ணீரில் இறங்கட்டும். "அந்தப் பாறை மேல் ஏறுங்கள்" என்று சொல்வதற்குப் பதிலாக, "பார்த்து, மணலிலேயே நில்லுங்கள்" என்று சொன்னால் போதும். படம் அப்போதும் நன்றாகவே விழும்.